மறைகுறியும் குறுநிரலும்

(வடசென்னைத் திருவொற்றியூரில் இளைஞர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மறைகுறிகளை விடுவிப்பதற்குக் கணினிக்கு எழுதப்பெறும் மிகக் குறுகிய நிரல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இஃது ஒற்றர்க்கும் கணிதப் புலவர்க்கும் உரிய துறையன்றோ? துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பகலெல்லாம் உழைத்து மாலையில் இங்கு வந்து அமர்ந்திருக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன? இவ்வாறு உங்களுள் சிலர் எண்ணக் கூடும். அவ்வெண்ணத்திற்கு விடையாகவே என் உரை அமையும். நம் தாய்மொழியில் நாமே எழுதி வைத்த தாள்கள், நாமே படிக்கவியலாத மறைகுறிகளாக இன்று கணினிகளுள் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் கோல் எது, அதனை எவ்வளவு சுருக்கலாம், எவ்விடத்தில் சுருக்கம் கேடாய் முடியும் என்பனவே நாம் இன்று ஆராய வேண்டுவன.

குறியும் மறைகுறியும்

நம் பகுதி குறிகளால் நிறைந்த பகுதி. 1856இல் தென்னாட்டின் முதற் பயணியர் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரத்திலிருந்து எண்ணூர்த் துறைமுகம் வரையில், நாள்தோறும் சரக்குந்துகள் வரிசையாய் நிற்பதைக் காண்கிறீர்கள். அவற்றின்மேல் ஏற்றப்பட்டுள்ள, கண்டெய்னர் என்று நாம் வழங்கும் சரக்குப் பெட்டகங்களின் நெற்றியைப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், அடுத்து ஆறு எண்கள், இறுதியில் கட்டமிட்ட ஓர் எண் இருக்கும். அவ்விறுதி எண், முன்னுள்ள பத்துக் குறிகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற காவல் எண்ணாகும். எழுத்து ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக மாற்றி, ஒவ்வொன்றையும் அதன் இடத்திற்கேற்ப ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதியே அது. ஓர் எழுத்தைப் பிழையாகப் பதிந்தால் பெரும்பாலும் கணக்கு ஒவ்வாது காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தை எண்ணாக மாற்றும் பட்டியலை உலகமே அறியும். ஆகலின் இது குறி. அப்பட்டியலை இருவர் மட்டும் அறிந்து பிறர்க்கு ஒளித்து வைத்தால் அது மறைகுறி.

தமிழர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒரு குழுவார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நம் இலக்கண நூலார் பெயரிட்டு வகுத்தனர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசுவதும் இவ்வகைத்தே. குழூஉக்குறி சொல்லுக்குச் சொல் மாற்றுவது. எழுத்துக்கு எழுத்து மாற்றுவதையே மாற்றெழுத்து மறைகுறி என்கிறோம்.

மறைகுறியின் வன்மையும் மென்மையும் இக்கடற்கரைக்குத் தெரியாதன அல்ல. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் குழும்பின் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அக்கப்பலின் பெயரே துணிவும் தந்திரமும் மிக்கவனைச் சுட்டும் பொதுச்சொல்லாகத் தமிழில் நின்றுவிட்டது. ஆனால் இக்கதையின் மறுபாதியை நம்மவர் பலர் கேட்டறியார். அவ்வாண்டு ஆகத்துத் திங்களிலேயே ஆத்திரேலியர் ஓபார்ட்டு என்னும் செருமானிய வணிகக் கப்பலைக் கைப்பற்றி அதனுள்ளிருந்த குறிநூலையும் எடுத்துவிட்டனர். அந்நூற்குறிகளின்மேல் மீண்டும் ஒரு மறைப்பு இடப்பட்டிருந்தது. ஆத்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த பிரெடரிக்கு வீட்லி என்பார் அம்மறைப்பையும் உடைத்தார். எம்டன் எந்த அணியிலிருந்து பிரிந்து வந்ததோ, அக்கீழையாசிய அணியின் செய்திகளைப் பகைவர் படிக்கலாயினர். எம்டனோ அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் கோக்கோசுத் தீவருகே அழிந்தது. பூட்டு எவ்வளவு வலிதாயினும், அதில் மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு ஒன்று இருக்குமாயின் அவ்வொழுங்கே திறவுகோலாகும் என்பது இதனால் பெறப்படும்.

எண்ணுதலே திறவுகோல்

உரோமானியத் தலைவன் சூலியசு சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கு மூன்றாம் இடத்திலுள்ள எழுத்தை எழுதித் தன் செய்திகளை மறைத்தான் என்பர். அஃது எளிதிற் பிடிபடுவது. வரிசையைக் கலைத்து, எவ்வெழுத்துக்கும் எவ்வெழுத்தையும் இடலாம் என்றால், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கே அமையக்கூடிய திறவுகோல்களின் தொகை, 4 என்னும் எண்ணை அடுத்து 26 சுழிகள் இட்டால் வரும் அளவாகும். ஒவ்வொன்றாக முயன்று பார்க்க ஊழிக்காலமும் போதாது.

ஆயினும் அக்கோட்டை சரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாகுதாது நகரில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி அதன் அடிக்கல்லை அசைத்துக் காட்டினார். மொழி ஒவ்வொன்றிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். எழுத்தின் முகத்தை மாற்றலாம், அதன் வருகைத் தொகையை மாற்றவியலாது. ஆகவே எண்ணுக என்றார். ஆங்கிலத்தில் 'ஈ' என்னும் எழுத்து நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வரும். மறைகுறியில் மிகுதியாக வரும் குறியை முதலில் அதுவாகக் கொண்டு பார்த்தால், பூட்டின் முதல் நாதாங்கி கழலும்.

எண்ணும் வேலை மாந்தர்க்குச் சலிப்பூட்டுவது, கணினிக்குச் சலிப்பில்லை. அதற்குரிய நிரல் எவ்வளவு குறுகியது என்பதைக் காண்க. முதலாவது, உரையை எழுத்துக்கு ஒரு வரியாகப் பிரி. இரண்டாவது, வரிகளை வரிசைப்படுத்து. மூன்றாவது, ஒத்தவற்றை ஒன்றாக்கி அவற்றின் தொகையைக் குறி. நான்காவது, மிகுதியிலிருந்து குறைவாக அடுக்கிக் காட்டு. இவ்வளவே. யூனிக்சு வழிவந்த கணினிகளில் இந்நான்கும் நான்கு சிறு கட்டளைகள். ஒன்றன் வாயில் வந்ததை அடுத்ததன் வாயில் ஊற்றுமாறு குழாய் போட்டு இணைத்துவிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். நாம் ஊகித்த எழுத்துகளை உரையில் இட்டுப் பார்ப்பதற்கு இன்னும் ஒரு கட்டளை. அதன் பெயரே இரண்டெழுத்து.

இத்தகைய நிரல்களை யார் மிகக் குறைந்த குறிகளால் எழுதுவது என்று நிரலர்கள் தமக்குள் போட்டியிடுவதுண்டு. குழிப்பந்தாட்டத்தில் குறைந்த அடிகளால் பந்தைக் குழியில் இடுபவன் வெல்வதுபோல, இங்குக் குறைந்த விசைகளைத் தட்டியவன் வெல்வான். இஃது ஒரு வீண் விளையாட்டன்று. தேவையில்லாதது எது என்று ஒவ்வொரு குறியையும் நிறுத்துப் பார்க்கும் பயிற்சி இது. நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலாவதாக வைத்த நன்னூலாரின் மரபில் வந்தவர்கள் இப்போட்டியைக் கண்டு மகிழலாம். ஆனால் அந்நன்னூலாரே, அதனை அடுத்து விளங்க வைத்தலை வைத்தார் என்பதையும், நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலை முதலாவதாக எண்ணினார் என்பதையும் மறத்தல் ஆகாது. சுருக்கம் வேறு, குன்றல் வேறு. வேண்டாததை நீக்குவது சுருக்கம். வேண்டியதை விடுவது குன்றல். இவ்வெல்லை எங்கே கிழிபடுகிறது என்பதைத் தமிழை அந்நிரலுக்குள் இட்டுப் பார்த்தால் உடனே காணலாம்.

எழுத்து என்பது யாது?

மேற்கண்ட நிரலின் முதற்கட்டளை, எழுத்துக்கு ஒரு வரியாகப் பிரி என்றது. எழுத்து என்பது யாது? ஆங்கிலத்தார்க்கு இவ்வினாவே எழுவதில்லை. அவர்கட்குக் கணினியின் ஒரு குறி ஓர் எழுத்து. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியில் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓரிடம். கால், கொம்பு, புள்ளி முதலிய துணைக்குறிகளுக்குத் தனித்தனி இடம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் எழுத்து. அக்குறி ஒவ்வொன்றும் பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும்.

நம் ஊர்ப்பெயர்களையே எண்ணிப் பார்ப்போம். எண்ணூர் என்பதில் எழுத்து நான்கு, ஒருங்குறிக் குறிகள் ஏழு, பைட்டுகள் இருபத்தொன்று. இராயபுரம் என்பதில் எழுத்து ஆறு, குறிகள் ஒன்பது, பைட்டுகள் இருபத்தேழு. திருவொற்றியூர் என்பதில் எழுத்து ஏழு; குறிகள் பதினான்கு; பைட்டுகள் நாற்பத்திரண்டு. அதிலுள்ள வொகரத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாக இடாமல் இரண்டாக இட்டிருந்தால் குறிகள் பதினைந்தாகும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையிலோ ஒற்று நீக்கியே எண்ணுவர். நேரசையில் தொடங்கும் அடிக்கு எழுத்துப் பதினாறு, நிரையசையில் தொடங்குவதற்குப் பதினேழு. அவ்வெண்ணிக்கையில் திருவொற்றியூர் ஐந்தெழுத்தே. ஒரே ஊர், நான்கு எண்ணிக்கை. எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லாத நிரல் எதையோ எண்ணிக் கொண்டிருக்கும்.

பைட்டை மட்டும் அறிந்த கட்டளையிடம் தமிழைக் கொடுத்தால், எழுத்தை மூன்றாகவும் ஆறாகவும் உடைத்துத் துகளாக்கி எண்ணும். அத்துகளுக்குப் பொருளே இல்லை. ஒருங்குறிக் குறியை எண்ணும் நிரல் அதனினும் சற்று மேலானது. ஆயினும் அதுவும் இரண்டு பெரும்பிழைகளைச் செய்யும். முதலாவது, தமிழில் மிகுதியாக வரும் எழுத்து எது என்று கேட்டால் புள்ளியையே அது முன்னே கொண்டுவந்து நிறுத்தும். புள்ளி எழுத்தன்று. இரண்டாவது, அகரம் மெய்யோடு கலந்து குறியின்றி நிற்பதால், உயிர்களுள் மிகுதியாக ஒலிக்கும் அகரத்தை அது காணவே காணாது. இருப்பது இல்லாததாகவும் இல்லாதது தலைமையாகவும் தோன்றும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எம்மறைகுறியை விடுவிப்பது?

பழி ஒருங்குறியின் மேலதன்று, எண்ணுவோன் மேலது. முதற்கட்டளையோடு ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும்: ஒரு குறியையும் அதனைத் தொடரும் துணைக்குறிகளையும் சேர்த்து ஓரெழுத்தாக எடு. ஏழெட்டு விசைகளில் அடங்கும் விதி இது. போட்டியில் இதனை விடுபவன் ஏழெட்டு விசை மிச்சப்படுத்தி வென்றதாக எண்ணிக் கொள்வான். உண்மையில் அவன் குன்றக் கூறினான். 2010 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்பளித்த, தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம் என்னும் பதினாறு துளி முறையில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. அம்முறையில் அமைந்த உரைக்கு மேற்சொன்ன விதியே வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் கையாளும் உரைகள் ஒருங்குறியில் இருக்கும்வரை அவ்விதியை விடலாகாது.

தொல்காப்பியர் தரும் துணை

எண்ணிக்கை மட்டும் போதாத இடத்தில் எது துணை செய்யும்? ஒரு சிறு மறைகுறியை விடுவித்துப் பார்ப்போம். கரும்பலகையில் எழுதியுள்ளேன்: "ஙம்மவ் தாழை லயுப்". உயிர் அப்படியே நிற்க, மெய் மட்டும் மாற்றப்பட்டுள்ளது என்பது நமக்குத் தெரியும். திறவுகோல் தெரியாது. பதினெட்டு மெய்களை மாற்றி அமைக்கும் வழிகள் ஏறத்தாழ 64 கோடி கோடி. மூன்றே சொற்களில் மொத்தம் ஒன்பதே எழுத்துகள் இருப்பதால் எண்ணிப் பார்த்தும் பெரும்பயன் இல்லை.

இங்கே தொல்காப்பியத்தின் மொழிமரபும் நூன்மரபும் கைகொடுக்கின்றன. எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும், எம்மெய்யை அடுத்து எம்மெய் நிற்கும் என்று அவர் வகுத்து வைத்தார். மறைகுறி விடுவிப்போர் இக்காலத்தில் அரும்பாடுபட்டுத் தொகுக்கும் பட்டியல் இதுவே. வல்லின மெய் ஆறும் மொழியிறுதியில் நில்லா. லகரம் மொழிமுதல் ஆகாது. ரகர ழகர மெய்கள் தம்மொடு தாம் இரட்டா. ககர சகர தகர பகர மெய்கள் தம்மொடு தாமே மயங்கும்.

இனிப் பலகையைப் பாருங்கள். மூன்றாம் சொல் பகர மெய்யில் முடிகிறது. தமிழில் அவ்வாறு முடியாது. உகரத்தை அடுத்து இறுதியில் நிற்கும் மெய்களுள் தமிழில் மிகுதியாக வருவது மகரம். செய்யும் என்னும் முற்று அவ்வாறே முடியும். ஆகவே பகரம் நிற்குமிடத்தில் மகரத்தை வைப்போம். ஒன்றுக்கொன்று மாற்றிக் கொண்டனவாக இருக்கலாம் என்று கருதி, மகரம் நிற்குமிடத்தில் பகரத்தை வைப்போம். முதற்சொல்லின் நடுவில் பகரம் இரட்டித்து நிற்கும். முன்னே அகரமேறிய ஒரு மெய், பின்னே ஒரு மெய். துறைமுகத்து மக்கள் இதனைச் சொல்ல நெடுநேரம் ஆகாது: கப்பல். எனவே ஙகரம் ககரம், வகரம் லகரம். மீண்டும் ஒன்றுக்கொன்று எனக் கொண்டால், மூன்றாம் சொல்லின் முதலெழுத்து வகரம், இறுதி மகரம், நடுவில் உகரமேறிய ஒரு மெய். அது வரும் என்பதே. எனவே யகரம் ரகரமாயிற்று.

இப்போது கிடைத்த இணைகளை வரிசையாய் வையுங்கள். க ங, ப ம, ய ர, ல வ. நம் நெடுங்கணக்கில் அடுத்தடுத்து நிற்கும் மெய்களே இணைகளாய் உள்ளன அல்லவா? அவ்வாறாயின் தகரத்திற்கு நகரமும் ழகரத்திற்கு ளகரமும் இணை. இரண்டாம் சொல் நாளை. கப்பல் நாளை வரும் என்பதே செய்தி. நடுவில் நின்ற தாழை என்பது தானே ஒரு தமிழ்ச்சொல். அகரமுதலியில் தேடிப் பார்க்கும் நிரல் அதனைத் தெளிந்த சொல் என்று தவறாக விட்டுவைத்திருக்கும். மூன்று சொற்களையும் சேர்த்துப் பார்த்த மாந்தக்கண்தான் அதனைப் பிடித்தது. கணினிக்கு எண்ணும் வேலையைக் கொடுங்கள். முடிபுகொள்ளும் வேலையை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்.

கல்லில் இருந்த மறைகுறி

இம்முறை விளையாட்டளவில் நில்லாமல் நம் வரலாற்றையே மீட்டது. வடநாட்டுப் பழங்கல்வெட்டுகளின் பிராமி எழுத்து நெடுங்காலம் படிப்பார் இன்றிக் கிடந்தது. கல்கத்தா நாணயச் சாலையில் பணிபுரிந்த சேம்சு பிரின்செப்பு, சாஞ்சிக் கல்வேலியில் பலர் செதுக்குவித்த சிறு வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை 1837இல் கண்டார். கோயிலுக்குப் பலரும் கொடுத்தவை. ஆகவே அவ்விறுதிச் சொல் கொடையைக் குறிக்கும் தானம் என்பதாகவே இருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். மீண்டும் மீண்டும் வருவதை எண்ணியதும் அது வரும் இடத்தை நோக்கியதுமே அவர்க்குத் திறவுகோல் ஆயின.

பாண்டிநாட்டுக் குகைகளில் இருந்த கல்வெட்டுகளோ அதன் பின்னும் பிடிகொடுக்கவில்லை. எழுத்தின் உருவம் தெரிந்தும் பொருள் கூடவில்லை. வடமொழியாகவோ பாகதமாகவோ படிக்க முயன்றோர் இடர்ப்பட்டனர். 1924இல் சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழைக்கலை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழே என்று நிறுவினார். அவர் நோக்கியது எதனை? எவ்வெழுத்து வருகிறது, எவ்வெழுத்து வரவில்லை என்பதனை. வடமொழிக்குரிய வருக்க ஒலிகள் அவற்றில் இல்லை. தமிழுக்கே சிறப்பான ழகர ளகர றகர னகரங்கள் உண்டு. எழுத்தின் இருப்பும் இன்மையுமே மொழியின் பெயரைச் சொல்லிவிட்டன. பின்னாளில் ஐராவதம் மகாதேவன் அவ்வழியில் நெடுந்தொலைவு சென்றார்; மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார்.

எண்ணுதலின் எல்லையையும் அவர் பணியே காட்டுகிறது. சிந்துவெளிக் குறிகளைக் கணினியின் துணையால் தொகுத்து 1977இல் அவர் வெளியிட்ட பெருநூலில் 417 குறிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சாடி வடிவிலான ஒரு குறி மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வருகின்றது. எண்ணிக்கை கையில் உள்ளது. எனினும் யாவரும் ஒப்பிய படிப்பு இன்னும் கிட்டவில்லை. வரிகள் மிகக் குறுகியன. அடியில் உள்ள மொழி இன்னதென உறுதிப்படவில்லை. ஒப்புநோக்க இருமொழிக் கல்வெட்டும் இல்லை. எண்ணிக்கையைப் பொருத்திப் பார்க்க ஒரு மொழியறிவு மறுபுறம் இல்லையேல் நிரல் ஊமையாகிவிடும்.

நாமே பூட்டிய பெட்டி

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன நம் தாள்களுக்கு வருவோம். 1980களின் இறுதியிலும் 1990களிலும் தமிழ் கணினிக்குள் புகுந்தபோது, எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் ஆங்கில எழுத்தின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். பாமினி எழுத்துருவில் தமிழ் என்று அடித்ததை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கிலத்தின் சே, கே, பீ, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். மாற்றெழுத்து மறைகுறியின் இலக்கணம் முழுவதும் இதில் பொருந்துகிறது. மறைக்க வேண்டும் என்று எண்ணியவர் எவரும் இலர்; மறைந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு பொதுவான குறியேற்றங்களை வகுக்கும்வரை இந்நிலை கட்டின்றி நடந்தது. அதன் பின்னும் நெடுநாள் தொடர்ந்தது.

சங்கத் தீர்மானங்கள், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், மீனவர் விண்ணப்பங்கள், மன்ற மலர்கள், உழைத்தவர் எழுதிய பாட்டும் கதையும் எனக் கணினி அச்சகங்களில் அடித்துக் கொடுத்தவை எத்தனை! தாள் மக்கியது, வட்டு மட்டும் எஞ்சியது, எழுத்துருவின் பெயரும் மறந்தது. ஓய்வூதியத்துக்கோ இழப்பீட்டுக்கோ பழைய தீர்மானம் ஒன்றைத் தேடும் முதியவர்முன், கணினித் திரை ஆங்கில எழுத்துக் குப்பையைக் கொட்டுகிறது. அதனைத் திறக்க இன்று நாம் பேசிய அதே நிரல் வேண்டும்.

எழுத்துருவின் பெயர் தெரிந்தால் பட்டியல் கிடைக்கும். இடம் மாற்றினால் போதும். பெயர் தெரியாதபோது எண்ணுக. மிகுதியாக வரும் குறியைப் புள்ளியாகக் கொண்டு பாருங்கள். சற்று முன் பிழை என்று தள்ளிய எண்ணிக்கை இங்கே முறையாகும். ஏனெனில் இங்கே மறைந்திருப்பன எழுத்துருவின் வடிவத் துண்டுகள். எதை எண்ணுகிறோம் என்று தெரிந்து எண்ணுதல் வேண்டும் என்றது இதற்காகவே. புள்ளி கிடைத்தபின் இரட்டிக்கும் மெய்களைத் தேடுங்கள்; மொழியிறுதியை நோக்குங்கள்; தொல்காப்பியர் விதிகள் மீண்டும் வழிகாட்டும்.

இங்கும் குறுநிரல் ஒரு குழியில் விழும். அவ்வெழுத்துருக்கள் பலவற்றில் தட்டச்சுப் பொறியைப் பின்பற்றிக் கொம்பை முன்னே அடிப்பர். கொ என்பது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் கிடக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னே நிற்க வேண்டும். குறிக்குக் குறி மாற்றிவிட்டுப் போகும் ஒருவரி நிரல், கொம்பை முந்தின எழுத்தின் தலையில் ஏற்றிவிடும். தோழர் என்பது சிதையும், கொடி என்பது குலையும். கொம்பைத் தாண்டி மெய்யை முன்னே கொணரும் இன்னொரு வரியும், கொம்பும் காலும் ஒன்றுசேரும் மற்றொரு வரியும் வேண்டும். கு, டு முதலிய எழுத்துகள் அங்கே ஒரே வடிவாக இருப்பதால், ஒன்றை இரண்டாக விரிக்கும் பட்டியலும் வேண்டும். இவை மிகையல்ல, இவையே தமிழ்.

செய்யத்தக்கது

இளந்தோழர்களே! நீங்கள் இந்நிரலைச் சுருக்குங்கள். ஒவ்வொரு குறியையும் இது வேண்டுமா என்று கேட்டுச் சுருக்குங்கள். சுருங்கிய நிரலை நண்பர் ஒருவர் படித்து அரைமணியில் விளங்கிக் கொள்ளலாம், பிழையைக் காணலாம், பணம் கொடுத்து வாங்காமல் தம் வீட்டிலேயே இயக்கலாம். அதுவே சுருக்கத்தின் பயன். ஆனால் சுருக்கிய பின் ஒருமுறை திருவொற்றியூர் என்று கொடுத்துப் பாருங்கள். ஏழு என்று விடை வந்தால் நிரல் நன்று. பதினான்கு என்றோ நாற்பத்திரண்டு என்றோ வந்தால், எடுத்ததை மீண்டும் சேருங்கள்.

அடுத்து, உங்கள் தெருவில் பழைய சங்க அலுவலகமோ படிப்பகமோ அச்சகமோ இருந்தால், அங்கே பரணில் கிடக்கும் வட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஈரமும் துருவும் நம் கடற்காற்றில் விரைந்து வேலை செய்வன. முதலில் படியெடுங்கள்; மூலத்தைத் தொடாதீர்கள். பிறகு எண்ணுங்கள், ஊகியுங்கள், மாற்றுங்கள். ஐயமான சொல்லை அக்காலத்தில் அதனை எழுதியவரிடமே கேளுங்கள். அவருள் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லைப் படித்துவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையர் அடித்து வைத்ததைப் படிக்காமல் விடுதல் நமக்கு அழகன்று.